பாறை வரைந்தவர்

யாராவது பேனரில் தங்கள் முகத்தைக் கொஞ்சம் சிவப்பாகப் போட்டுத் தரச் சொன்னால் போதும். அவர் நாற்காலியைத் திருப்பி, கேட்டவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஆறு மாசம் வெயில்ல போகாம வீட்டுக்குள்ளயே இருங்க. சிவந்ததும் வாங்க, போட்டுத் தாரேன்" என்பார். வந்தவர் விறுவிறுவென்று இறங்கி அடுத்த தெருக் கடைக்குப் போய்விடுவார். கம்பத்தில் ஃபிளெக்ஸ் கடைக்கா பஞ்சம்? வயிறு எரிவது எனக்குத்தான்.

கடை என்னுடையது. திராட்சை நல்ல விலைக்குப் போன ஒரு வருடம் என் வீட்டுக்காரர் ஆசைப்பட்டு பேனர் அடிக்கும் மெஷினை வாங்கினார். இரண்டே மாதத்தில் அது சலித்துப்போய், குமுளிப் பக்கம் ஏலக்காய் வியாபாரத்துக்கு ஏறிவிட்டார். மெஷினும் நானும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 'டிசைனர் தேவை' என்று கதவில் ஒட்டிய நான்காம் நாள், இஸ்திரி கலையாத சட்டையும் முறுக்காத மீசையுமாக அவர் வந்து நின்றார். இருபத்திரண்டு வருடம் பட்டாளத்தில் இருந்ததாகச் சொன்னார். அங்கே என்ன வேலை என்று கேட்டேன்.

"படம் வரைஞ்சேன் மேடம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீக. பட்டாளத்துல படம் வரையாம ஒரு வேலையும் நடக்காது" என்றார்.

நிஜம்தான் போலிருக்கிறது. துப்பாக்கி தூக்கத்தான் சேர்ந்திருக்கிறார். படம் வரைவார் என்று எவனோ போட்டுக்கொடுக்க, கையில் தூரிகையைத் திணித்துவிட்டார்கள். லாரிக்கு எண் எழுதியது, கல்லுக்கெல்லாம் வெள்ளையடித்தது, ஒரு மலையைப் பிடிக்கப் போகுமுன் அதே மலையை மரத்தூளிலும் கலர்ப்பொடியிலும் தரையில் கட்டிக் காட்டியது, அதிகாரிகள் சாப்பிடும் கூடத்துக்குப் பழைய சண்டைகளை வரைந்து மாட்டியது, எல்லாம் இவர்தான். பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அதையும் படித்து, அதிகாரிகளின் மீட்டிங்குக்கு ஸ்லைடு போட்டிருக்கிறார். "சண்டைல குண்டு தீந்து பாத்துருக்கேன் மேடம். ஸ்லைடு தீந்து பாத்ததில்ல" என்றார். அன்றைக்கே வேலைக்கு வரச் சொல்லிவிட்டேன். ஊர் அவரை மிலிட்டரி என்று கூப்பிட ஆரம்பித்தது. சொந்தப் பேரை நான் சம்பளக் கவரில் மட்டும்தான் எழுதினேன்.

வந்த முதல் வாரமே தெரிந்துவிட்டது, அவர் ஒரு மச்சத்தைக்கூட எடுக்க மாட்டார் என்று. காரணமும் வைத்திருந்தார். எதிரி இருக்கும் மலையை, இந்தப் பக்கம் குப்புறப் படுத்துக்கொண்டு, மரம் மரமாகப் பார்த்து வரைய வேண்டுமாம். அதை வைத்துத்தான் பீரங்கிக்காரர்கள் குறி பார்ப்பார்களாம். "அழகா இருக்கட்டுமேன்னு ஒரு மரத்த இங்கன தள்ளி வச்சேன்னு வைங்க, குண்டு நம்மாளு தலைல விழுகும். பாக்காதத வரையக் கூடாது, பாத்தத விடக் கூடாது. அம்புட்டுத்தான்."

"இது காதுகுத்து பேனர்ண்ணே. யாரு தலைல குண்டு விழப்போகுது?" என்று கேட்டேன். அவர் அந்த மச்சத்தைப் பெரிதாக்கிச் சரி பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு வார்டுப் பிரமுகர் வந்தார். பிறந்தநாள் பேனர். அவர் முகத்தை வெட்டி, ராணுவ உடுப்பில் துப்பாக்கியோடு நிற்கிற ஓர் உடம்பில் ஒட்ட வேண்டும். எந்தக் கடையிலும் பத்து நிமிட வேலை. இவர் அந்த மாதிரிப் படத்தைப் பார்த்துவிட்டு, "துப்பாக்கிய இப்படிப் பிடிச்சா மொதக் குண்டுல ஒங்க கால நீங்களே சுட்டுக்கிருவீக" என்று சொல்லி, அந்த மனிதரை எழுப்பிக் கடை நடுவே அட்டென்ஷனில் நிறுத்திப் படம் பிடித்தார். தொப்பையும் அட்டென்ஷனில் நின்றது. அதையும் ஒரு இஞ்சு குறைக்காமல் பேனரில் அடித்து, ரோட்டுச் சிக்னலில் ஏற்றிவிட்டார். பிரமுகர் என்னைக் கேட்ட கேள்விகளை இங்கே எழுத முடியாது. மூன்றாம் நாள் அவர் வீட்டம்மா வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் எழுந்து நின்றேன். "பத்து வருசமா நான் சொல்லிக் கேக்கல. சிக்னல்ல பாத்த அன்னைல இருந்து காலைல வாக்கிங் போறாக. அந்த அண்ணன்ட்ட சொல்லுங்க" என்று ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார்.

பெரியகுளம் பக்கத்து ஊர்க் கோயிலுக்குச் சிலுவைப்பாதை வரையக் கூப்பிட்டார்கள். இயேசு சிலுவை சுமந்து போன வழி, பதினான்கு படம். ஆண்டவர் விழுகிறார், மாதா அழுகிறார்கள், எல்லாம் நெஞ்சைப் பிசைகிற மாதிரி வரைந்தார். ஆனால் காவலுக்கு நிற்கும் ரோமாபுரிச் சிப்பாய்களில் ஒருவன் கொட்டாவி விட்டான். இன்னொருவன் ஒற்றைக் காலில் சாய்ந்து நின்றான். பங்குச்சாமியார் திகைத்துவிட்டார். "என்னப்பா இது, உலகமே இருண்டு கிடக்கு, இவன் கொட்டாவி விடுறான்?" "சாமி, டூட்டி மாத்துற ஆளு வராட்டி யாரா இருந்தாலும் இப்படித்தான் நிப்பான். நான் நின்னுருக்கேன்" என்றார் இவர். படம் அப்படியே இருக்கிறது. தவக்காலத்தில் பிள்ளைகள் அந்தச் சிப்பாயைத் தேடிப் பிடித்துக் காட்டிச் சிரிப்பதாகக் கேள்வி.

என்னையும் விடவில்லை. மகளிர் தினத்துக்கு என் படத்தைப் போட்டுக் கடை வாசலில் ஒரு பேனர் வைக்கலாம் என்றேன். வைத்தார். கழுத்துக்கு மேலே தாடை இரண்டு இருந்தது. "ரெண்டு இருக்கே மேடம்" என்றார், ஏதோ எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொண்டவர் மாதிரி. இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை.

இவ்வளவு கறாரான மனிதர் ஒரே ஓர் இடத்தில்தான் குழைவார். எஸ்டேட்டுக்கு ஜீப் போகும் ஸ்டாண்டுக்கு எதிரே சவரிமுத்துவின் புரோட்டாக் கடை. சவரிமுத்து இவரோடு ஒரே ரெஜிமெண்டில் இருந்தவர், ஆனால் சமையல்காரர். இருவரும் சந்தித்தால் ஏலே, மாப்ள என்றுதான் பேச்சு. தினமும் சாயந்திரம் இவர் அங்கே போய், சால்னாவில் உப்பு சரியில்லை என்று சண்டை போட்டுவிட்டு நாலு புரோட்டா சாப்பிடுவார். மற்றவர் சால்னாவைக் குறை சொன்னால் மட்டும் சண்டைக்குப் போவார்.

சவரிமுத்துவிடம் ஒரு கதை உண்டு. கல்லில் மாவை அடித்துக்கொண்டே சொல்வார். வடக்கே பனி மூடிய ஒரு மலையை இவர்களுடைய ரெஜிமெண்டு பிடித்த அன்று, விடியற்காலையில், குண்டு விழுந்துகொண்டிருக்கும்போதே டீச்சட்டியும் பூரி மூட்டையுமாக மேலே ஏறிப் போனவர் அவர். "பெரிய படமா வரைஞ்சு ஆபீசர்மாரு சாப்பிடுற கூடத்துல மாட்டிருக்காக. வரைஞ்சது நம்ம மிலிட்டரிதான். வரையிறப்பவே பாத்தேன், அதுல வலது ஓரத்துல நான் நிப்பேன்" என்று முடிப்பார். கேட்காதவர் கம்பத்தில் கிடையாது. துப்பாக்கி பிடித்தவனுக்கு மெடல் கிடைக்கும், சட்டி பிடித்தவனுக்கு என்ன கிடைக்கும்? அந்த ஒரு காலைப்பொழுதுதான் அவருடைய சொத்து. அவர் கதை சொல்லும்போது மிலிட்டரி தலையைக் குனிந்து சாப்பிடுவார். அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

முன்னாள் படைவீரர் சங்கம் ஒன்று இருந்தது. அதன் செயலாளர் பட்டாளத்தில் ஸ்டோரில் இருந்தவர், எதற்கும் எழுத்தில் ஆதாரம் கேட்பவர். அந்த வருடச் சுதந்திர தின விழாவில், அந்த மலையில் இருந்த நம் பகுதிக்காரர்களுக்குச் சால்வை போர்த்துவது என்று முடிவெடுத்தார்கள். எங்கள் கம்பம் பள்ளத்தாக்கில் அப்படி மிச்சம் இருந்தது இரண்டே பேர். மிலிட்டரி, சவரிமுத்து. மேடைக்குப் பின்னால் கட்ட அந்தப் படத்தையே இருபதுக்குப் பத்து அடி பேனராக அடித்துத் தரும்படி எனக்கு ஆர்டர்.

அதற்காகச் செயலாளர் கடைக்கு வந்தார். சவரிமுத்துவையும் வரச் சொல்லியிருந்தார். அவர் புது வேட்டியோடு, எல்லாருக்கும் புரோட்டாப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். செயலாளரின் மருமகன் இப்போது அதே ரெஜிமெண்டில் இருக்கிறானாம். கூடத்தில் மாட்டியிருக்கும் படத்தைப் போனில் பிடித்து அனுப்பியிருந்தான். அதை மேசைமேல் வைத்து, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொரு தலையாக எண்ணினார்.

"பன்னெண்டு பேரு இருக்காக. நீ எங்கப்பா?"

"வலது ஓரம் பாருங்க. சட்டியோட நிப்பேன்" என்றார் சவரிமுத்து, சிரித்துக்கொண்டே.

விரல் வலது ஓரத்துக்குப் போனது. அங்கே ஒரு பாறை இருந்தது. தலையில் பனியோடு, நல்ல பெரிய பாறை.

சவரிமுத்து போனைக் கையில் வாங்கி, தள்ளிப் பார்த்தார், கிட்டத்தில் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தார். செயலாளர் தொண்டையைச் செருமினார். "நான் ஒண்ணும் சொல்லலப்பா. மிலிட்டரி பாத்தத விடவும் மாட்டாரு, பாக்காதத வரையவும் மாட்டாரு. ஊருக்கே தெரியும். படத்துல இல்லேன்னா நீ மலையிலயும் இல்ல. அப்படித்தான எடுத்துக்கிறணும்?"

எல்லாரும் மிலிட்டரியைப் பார்த்தோம். சவரிமுத்துவும் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். மிலிட்டரி மவுஸை இந்தப் பக்கம் வைத்தார், அந்தப் பக்கம் வைத்தார். பிறகு, "மெஷின்ல இங்க் பாக்கணும்" என்று எழுந்து உள்ளே போய்விட்டார். சவரிமுத்து பொட்டலங்களை மேசையிலேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார். பட்டியலில் அவர் பேரைச் செயலாளர் அங்கேயே என் பேனாவை வாங்கி அடித்தார்.

சாயந்திரத்துக்குள் ஜீப் ஸ்டாண்ட் முழுக்கத் தெரிந்துவிட்டது. "மாஸ்டர், ரெண்டு பாறை பார்சல்" என்று எவனோ கேட்டிருக்கிறான். மறுநாள் கடை திறக்கவில்லை. அதற்கு மறுநாளும் திறக்கவில்லை. மிலிட்டரி சாயந்திரம் ஆனால் எதிர்த் திசையில் நடந்து வீட்டுக்குப் போனார்.

மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏண்ணே, அந்த மனுசன் மலையில இருந்தாரா இல்லையா?" என்று நேராகவே கேட்டேன்.

"இருந்தான் மேடம்."

"அப்புறம் அந்தப் பாறை?"

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். படம் முடியும் தறுவாயில் பெரிய அதிகாரி பார்க்க வந்தாராம். எல்லாம் பிரமாதம், ஆனால் இந்தச் சட்டிக்காரன் எதற்கு, சரித்திரத்தில் சட்டி வராது, அந்த இடத்தில் ஒரு பாறையைப் போடு என்றாராம். இவர் போட்டுவிட்டார்.

"ஆர்டர் மேடம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. "வார்டுக்காரரு தன் முகத்த வேற உடம்புல ஒட்டச் சொன்னாரே, அதுவும் ஆர்டர்தானே? அத ஏண்ணே கேக்கல? ஊர்ல இருக்கவுக மச்சம், மரு, என்னோட ரெண்டு தாடை, ஒண்ணு விடாம வரைஞ்சீங்களே. ஒரு ஆள மட்டும் முழுசா முழுங்கிட்டீங்களே!"

அவர் கம்ப்யூட்டரை விட்டு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு ஒரு பாறைய வச்சேன். அதுக்குப் பொறகுதான் மேடம், இனி ஒண்ணையும் மாத்தக் கூடாதுன்னு ஆச்சு" என்றார். கண் கலங்கியிருந்தது. பீரங்கிக் கதையை நான் இத்தனை நாள் முழுக் கதை என்று நம்பியிருந்தேன். என் தாடைகளுக்கும் அந்தப் பாறைதான் காரணம் என்று தெரிந்தபோது, சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் நானும் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றே படத்தை முதலிலிருந்து போட ஆரம்பித்தார். மறுநாள் மத்தியானம் ஒரு தாளில் அச்செடுத்துக்கொண்டு சவரிமுத்து வீட்டுக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். இரண்டு நாளில் விழா, பேனர் அடித்தாக வேண்டுமே.

சவரிமுத்து கட்டிலில் உட்கார்ந்திருந்தார். "வாங்க பாறை சார்" என்றார்.

மிலிட்டரி தாளை நீட்டினார். சவரிமுத்து குற்றம் கண்டுபிடிக்கும் ஆசையோடுதான் வாங்கினார். டீச்சட்டி இடது கையில்தான் இருந்தது. பூரி மூட்டை தோளில் இருந்தது. பூட்ஸ் இல்லை, கட்டைவிரல் வெளியே தெரியும் கான்வாஸ் ஷூ. தலையில் தொப்பிக்குப் பதில் சுற்றிய துண்டு, அதன் கிழிசல். அவர் விரல் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போய் நின்றது.

"ஒண்ணையும் மறக்கலையேலே நீ."

"மறந்துருந்தா நிம்மதியா இருந்துருப்பேனே."

சவரிமுத்து தாளை மறுபடி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டார். "எல்லாஞ் சரி. நீ எங்க?"

"நான் வரைஞ்சவன்ல. என்னைய நான் எங்க பாத்தேன்? பாக்காதத..."

"நான் பாத்தேன்லே. சொல்றேன், வரை."

மிலிட்டரி சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். சவரிமுத்து கட்டிலை விட்டு இறங்கி அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். "நான் ஓரத்துல நிக்கல. நீ அங்கன வச்சது தப்பு. இந்தா, நடுவுல ஒரு பாறை நெசமாவே இருந்துச்சு. போடு. அதுக்குப் பின்னால நீ குத்தவச்சு உக்காந்துருந்த. பென்சில வாயில கடிச்சுக்கிட்டு இருந்த. ரெண்டு கையும் கிடுகிடுன்னு ஆடுச்சு. டம்ளரக் குடுக்குறேன், ஒன்னால பிடிக்க முடியல. நாந்தான் கழுத்தப் பிடிச்சு வாயில வச்சு ஊத்துனேன்."

மிலிட்டரி வரைந்துகொண்டே இருந்தார். கேன்வாஸில் அவர் வைத்த பாறை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அவருக்கு அந்த மலையில் நன்றாகத் தெரிந்த பாறை அது ஒன்றுதான்.

"பேண்ட்டு?" என்று தலை நிமிராமல் கேட்டார்.

சவரிமுத்து என்னை ஒரு தடவை பார்த்தார். "பேண்ட்டுக்கு என்ன? பனில நனைஞ்சுருந்துச்சு."

"பனி முழங்காலுக்குக் கீழதான்டா மாப்ள நனைச்சுச்சு" என்றார் இவர். சொல்லிவிட்டு, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து, முழங்காலுக்கு மேலேயும் தேய்த்துக் கறுப்பாக்கினார்.

விழாவன்று காலையில் பேனரைக் கட்டினோம். பன்னிரண்டு வீரர்கள் துப்பாக்கியோடு நிற்க, நட்ட நடுவே ஒரு சமையல்காரர் பாறைக்குப் பின்னால் குனிந்து, பேண்ட் நனைந்த ஒருவருக்கு டீ புகட்டிக்கொண்டிருந்தார். செயலாளர் பார்த்துவிட்டு என்னிடம் ஓடி வந்தார். வேறு அடிக்க நேரமில்லை. சிறப்பு விருந்தினரின் கார் வந்துவிட்டது. இந்த ஊரில் இனி எனக்கு ஒரு பேனர் ஆர்டரும் வராது என்று முடிவு செய்துகொண்டு நான் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

மிலிட்டரிக்குச் சால்வை போர்த்தி, நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். அவர் மைக் முன்னால் அட்டென்ஷனில் நின்றார். "டீ குடுக்குறது சவரிமுத்து. குடிக்கிறது நான். பயந்து போயி உக்காந்துருக்கேன். முந்தி ஒரு படத்துல அவன் இடத்துல பாறைய வரைஞ்சுட்டேன். அது பொய். இதுதான் நடந்தது" என்றார். கூட்டம் முதலில் சிரித்தது. "பேண்ட்டப் பாருடா" என்று ஒரு குரல் வந்தது. அவர் அசையாமல் நின்றார். சிரிப்பு தானாக அடங்கும் வரைக்கும் நின்றார்.

முன் வரிசையிலிருந்து வார்டுப் பிரமுகர், அதே தொப்பைக்காரர், எழுந்தார். "செயலாளரே, படத்துல இருந்தா மலையில இருந்த மாதிரின்னு நீங்கதான சொன்னீக? இருக்காரே! கூப்பிடுங்க அவர" என்றார். செயலாளருக்கு வேறு வழியில்லை. ஆதாரம் இருபதுக்குப் பத்தில் பின்னால் தொங்குகிறது. ஆளை அனுப்பி சவரிமுத்துவை அழைத்து வந்தார்கள். கையெல்லாம் மாவு. கடையை அன்றைக்குத்தான் திறந்திருந்தார். ஆனால் படைவீரருக்கென்று சால்வை ஒன்றுதான் வாங்கியிருந்தார்கள். சினிமாவாக இருந்தால் மிலிட்டரி தன்னுடையதைக் கழற்றி நண்பருக்குப் போர்த்தியிருப்பார். இவர் அப்படியெல்லாம் செய்யவில்லை, இறுக்கிப் போர்த்திக்கொண்டு நின்றார். கடைசியில் சிறப்பு விருந்தினர் தனக்குப் போட்டதைக் கழற்றிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு மிலிட்டரி என்ற பேர் போய், பாறை என்ற பேர் வந்தது. கூப்பிட்டால், "சொல்லுங்க" என்பார். ஆர்டர் குறையவில்லை. அவர் யாரையும் சிவப்பாக்கவும் இல்லை. சாகிற வரைக்கும் சால்னாவில் உப்பு சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணீர் அஞ்சலி பேனரை நானே உட்கார்ந்து செய்தேன். நெற்றித் தழும்பு, மூக்கு மேல் மரு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தன. செய்யும்போது அழுதேன்.

விழாப் பேனரைச் சவரிமுத்து கேட்டு வாங்கி, புரோட்டாக் கடைக்குக் கூரையாகப் போட்டிருக்கிறார், படம் உள்பக்கம் தெரிகிற மாதிரி. புகை பட்டுப் பட்டு வீரர்களெல்லாம் கறுத்துவிட்டார்கள். போன வாரம் நான் அங்கே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எஸ்டேட்டுக்குப் போகும் ஒருவர் அண்ணாந்து பார்த்து, "யாரு மாஸ்டர் அது, பாறைக்குப் பின்னால?" என்று கேட்டார்.

"படம் வரைஞ்சவன்" என்றார் சவரிமுத்து.

"பேண்ட்டு ஏன் அப்படி இருக்கு?"

சவரிமுத்து புரோட்டாவைத் திருப்பிப் போட்டார்.

"பனி" என்றார்.